லாரி கேபினில் பதிந்த மெட்டு

யூசுப் பாய் இறந்த செய்தி வந்தபோது நான் என் கடையில் யாருடைய சிட்டாவையோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். அழைத்தவன் நம் டிரம்ஸ் செல்வம். "மணி, பாய் போயிட்டாருப்பா. வானூர் தாண்டி வண்டிய ஓரங்கட்டி நிறுத்தியிருக்காரு. ஹேண்ட் பிரேக் கூட போட்டிருக்காரு. அவ்ளோதான்" என்றான். மெஷின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பிரதி கேட்டவரிடம் ஒன்பது பிரதி கொடுத்து அனுப்பியிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. மாலை அஸர் தொழுகைக்குப் பின் அவர் ஊரான கோட்டக்குப்பத்தில் அடக்கம். நம் குழுவில் எல்லோரும் வந்திருந்தீர்கள். யாரும் யாரிடமும் பேசவில்லை. பேசியிருந்தால் நான் அங்கேயே உளறியிருப்பேன்.

நினைவுக் கூட்டத்தில் படிக்க இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லிச் செல்வம் கேட்டான். எழுதுகிறேன். ஆனால் புகழ்ந்துவிட்டு மட்டும் போக எனக்கு வழியில்லை. அவரிடமிருந்து ஒன்றைத் திருடினேன். அவர் இருந்தவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு அவருடைய லாரி நண்பர்களும் வருவார்கள். அவர்களுக்காக இது: மரக்காணம் பக்கத்துக் கல்யாண வரவேற்புகளில் வாசிக்கும் எங்கள் இன்னிசைக் குழுவில் பாய் கிட்டார், நான் கீபோர்டு. அவர் வளைகுடாவில் டிரைவராக இருந்து திரும்பியபோது மற்றவர்கள் டிவி கொண்டுவந்தார்கள், அவர் ஒரு கிட்டார் கொண்டுவந்தார். இங்கே உப்பளங்களிலிருந்து உப்பு ஏற்றிப்போகும் லாரி ஓட்டினார். உப்புக்காற்றில் கிட்டார் கம்பி ஒரு மாதம் தாங்காது. துருப்பிடித்த கம்பியைக் கழற்றும்போதெல்லாம் கடலைப் பார்த்து ஒரு முறை முறைப்பார்.

அவருக்கு வாசிக்கக் கிடைத்த நேரம் லோடு ஏறும் நேரம்தான். கண்ணாடியை இரண்டு பக்கமும் ஏற்றிவிட்டு, ஈரத் துண்டை மடித்து முன்பலகையில் வைத்து, அதன்மேல் செல்போனை வைப்பார். துண்டு இல்லாவிட்டால் பலகை அதிர்ந்து பதிவு கெடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. கிட்டாரின் கழுத்து பக்கத்து இருக்கைப் பக்கம் நீண்டிருக்க, ஒருக்களித்து உட்கார்ந்து வாசிப்பார். வெயிலில் அந்தக் கேபினுக்குள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தவன் நான். வெந்துபோனேன். பாய் வியர்வையைத் துடைக்கக்கூட மாட்டார், துடைத்தால் அந்தச் சத்தமும் பதிந்துவிடுமாம்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் இடமும் மெட்டின் ஸ்கேலும் சொல்லும் அவர் குரல் இருக்கும். "மரக்காணம். லோடு ஏறுது. ஈ மைனர்." அப்புறம் வாசிப்பு. பின்னணியில் மூட்டைகள் விழும் சத்தம். லோடுமேன் வண்டியின் பின்கதவைத் தட்டினால் மெட்டு அங்கேயே முடிந்துவிடும், பாதியில் நின்றாலும் சரி. "முழுசா முடிச்சிட்டு பதியலாமே பாய்" என்று ஒருமுறை கேட்டேன். "மொதல்ல பதிஞ்சிடணும் மணி. நல்லா இருக்குதா இல்லையான்னு நாளைக்குப் பாத்துக்கலாம். நல்லா இருந்தா பதியலாம்னு உக்காந்தா, நீயும் நானும் உக்காந்தே இருப்போம்" என்றார். நான் அப்படி உட்கார்ந்தே இருக்கிற ஆள் என்பது அவருக்குத் தெரியும்.

என் மகளின் டேப்லெட்டில் ஒரு செயலியைப் போட்டுக்கொடுத்து அவரை முன்னேற்றிவிட நானும் முயன்றேன். அதில் நாலு வாத்தியத்தை அடுக்கடுக்காகப் பதியலாம், தாளம் தவறாமல் டிக் டிக் என்று எண்ணிக்கொடுக்கும். இரண்டே நாளில் திருப்பித் தந்துவிட்டார். "பக்கத்துல நின்னு கைய பாக்குற சூப்பர்வைசர் மாதிரி இருக்குதுப்பா. பத்து நிமிஷத்துல சூடேறி தானா ஆஃப் ஆயிடுது, அது ஒண்ணுதான் அதுல நல்ல குணம்" என்றார். பழைய செல்போனுக்கே போய்விட்டார்.

பதிந்ததை முன்னும் பின்னும் வெட்டி, வாசிப்பை மட்டும் எனக்கு அனுப்புவார். கீழே ஒரே வார்த்தை: "கேட்டியா?" நான் பெரும்பாலும் பதில் போட்டதில்லை. கடை, மெஷின், வரிசையில் நிற்பவர்கள் என்று எனக்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. பதில் வராததற்காக அவர் அனுப்புவதை நிறுத்தியதும் இல்லை.

ஏழு வருடம் முன்பு, நமக்கென்று ஒரு சொந்தப் பாட்டு வேண்டும் என்று நாம் முடிவு செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். நான் மெட்டுப் போடுகிறேன் என்று வீறாப்பாக ஏற்றுக்கொண்டேன். பத்து நாளாகியும் ஒன்றும் வரவில்லை. பதினோராம் நாள், கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது பாய் அனுப்பிய ஒரு துண்டைக் கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் உடம்பு சிலிர்த்தது. நடுவில் ஓரிடத்தில் மெட்டு சட்டென்று நின்று, ஒரு மூச்சு விட்டு, மீண்டும் தொடங்கியது. எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார் என்று வியந்தேன். வியந்தவன் அவரை அழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதை அப்படியே பல்லவிக்கு எடுத்துக்கொண்டு சரணத்தை மட்டும் நானே போட்டேன். அவரிடம் இப்படி நூற்றுக்கணக்கில் கிடக்கிறது, இதையா நினைவில் வைத்திருக்கப்போகிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

செல்வத்தின் மாடியறையில் முதல் ஒத்திகை. நான் வாசித்துக் காட்டினேன். பாய் கிட்டாரை மடியில் வைத்துக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நிறுத்தம் வந்ததும் துடைப்பதை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். முடிந்ததும் எல்லோரும் கைதட்டினீர்கள். அவர் மட்டும் கேட்டார்.

"ஏம்பா மணி, அந்த எடத்துல எதுக்கு நிறுத்தினே?"

"ஒரு ஃபீலுக்காகத்தான் பாய்" என்றேன். எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று இன்றைக்கும் கூசுகிறது.

அவர் கம்பி துடைத்த துணியை மடித்து வைத்தார். பிறகு, "நல்லா இருக்குது. அத மாத்தாத" என்று சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினார். அவர் பதிவில் இருந்த அதே ஈ மைனரில்தான் தொடங்கினார், யாரிடமும் கேட்காமல். அதற்குப் பிறகு எத்தனையோ மேடைகளில் அறிவிப்பாளர் "இசை: நமது மணி" என்று சொல்ல, நான் எழுந்து கும்பிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் நின்று அவரும் கைதட்டுவார்.

அவருக்குத் தெரிந்திருக்குமோ, தெரிந்திருக்காதோ என்று ஏழு வருடம் ஊசலாடிக்கொண்டிருந்தேன். போன வாரம் அவருடைய மனைவி ரஹமத் அக்கா அழைத்தார். பாயின் செல்போனில் இருக்கும் பதிவுகளை எல்லாம் ஒரு டிஸ்க்கில் ஏற்றித் தர வேண்டும் என்றார். கடையை அடைத்துவிட்டு கோட்டக்குப்பம் போனேன். பதிவுகளை வருட வாரியாகப் பிரிப்பதற்காக ஹெட்போன் மாட்டி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவன், அந்த மெட்டு வந்ததும் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இது வெட்டாத முழுப் பதிவு. சரியாக அந்த நிறுத்தம் வரும் இடத்தில், ஒரு மூட்டை தவறி விழுந்து கிழியும் சத்தம். மூட்டைச் சத்தம் அவருடைய எல்லாப் பதிவிலும் இருப்பதால், அதை ஒதுக்கிவிட்டுக் கேட்க என் காது பழகியிருந்தது. அன்று மெஷின் இரைச்சல் வேறு. வாசிப்பு முடிந்த பிறகு, கண்ணாடியை இறக்கி அவர் பேசுவது கேட்டது.

"ஆறுமுகம், கால் மேல விழலயே? நான் பயந்துபோயி வாசிக்கிறதயே வுட்டுட்டேன்பா."

தூரத்திலிருந்து, "ஒண்ணும் ஆவல பாய், நீங்க வாசிங்க" என்று ஒரு குரல்.

யோசித்து வைத்த நிறுத்தம் இல்லை அது. லோடுமேன் காலில் மூட்டை விழுந்துவிட்டதோ என்று ஒரு மனிதர் பதறிய நேரம். அதைத்தான் என் கற்பனை என்று சொல்லி அவரிடமே வாசித்துக் காட்டியிருக்கிறேன். காரணம் கேட்டவரிடம் ஃபீல் என்று வேறு சொல்லியிருக்கிறேன். அந்த நொடியிலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இத்தனை பேர் நடுவில் ஒரு வார்த்தை சொன்னால் நான் ஊரில் தலைகாட்ட முடியாது என்பதும் தெரிந்திருக்கிறது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அழுதேன். வெட்கத்தில் வந்த அழுகைதான் அதில் பாதி.

ரஹமத் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அவரு என்கிட்ட இதப் பத்தி ஒண்ணும் சொன்னதில்ல தம்பி. நீ அவருகிட்டல்ல சொல்லியிருக்கணும்? எத்தினி வாட்டி இங்க வந்து சாப்ட்டுப் போயிருக்கே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவரிடம் சொல்ல இனி வழியில்லை. அதனால் அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன். அந்தப் பாட்டின் பல்லவி யூசுப் பாயுடையது. அடுத்த கச்சேரியிலிருந்து "இசை: யூசுப்" என்று அறிவியுங்கள். அந்த அறிவிப்புக்கு நான் எழுந்து கும்பிட மாட்டேன்.

டிஸ்க்கை அவர் மகளிடம் ஒப்படைத்தேன். "நீங்களும் ஒரு காப்பி வச்சுக்கோங்க அங்கிள்" என்றாள் அந்தப் பெண். வேண்டாம் என்றேன். என் கையை நானே நம்பத் தயாராக இல்லை. பாயிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, தன் மெட்டை என் பெயரில் ஏழு வருடம் ஒரு சுரம் குறையாமல் வாசித்துக் கொடுத்தாரே, அந்தப் பெருந்தன்மையை. அது மட்டும் நான் எடுத்துக்கொண்டதல்ல. அவராகக் கொடுத்தது.