அமுக்கிப் பார்த்த வடை

என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கண்டி டவுனில் இருக்கும் சைவக் கடை அது. ஹந்தானை மலைத் தோட்டத்திலிருந்து இறங்கினால் எனக்குத் தேத்தண்ணி அங்கேதான். பரிமாறுபவர் நரைத்த மீசைக்காரர். மேசையைத் துடைத்துக்கொண்டேதான் பேசுவார், முகம் பார்க்கமாட்டார்.

தட்டு நிறைய வடை கொண்டுவந்து வைப்பார். தின்றது போக மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். எனக்கு ஆறிய வடை இறங்காது. ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, சூடானதைத்தான் எடுப்பேன்.

ஒருநாள் பகல், கை கழுவப் பின்பக்கம் போனேன். நான் அமுக்கிப் போட்ட வடைகளை அவர் நின்றபடியே தின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"நீங்க கை வச்சத அடுத்தவங்களுக்குக் குடுக்க முடியுங்களா? நமக்குப் பகல் சாப்பாடு ஆச்சு."

எனக்குக் கூசிப்போனது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான். அடுத்த தடவை, மேலே இருந்த வடையை அமுக்காமலே எடுத்துத் தின்றேன். ஆறித்தான் இருந்தது.

துடைப்பதை நிறுத்திவிட்டு, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"என்னங்கம்மா, இன்னைக்கு ஒன்னயும் அமுக்கலியே?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

தட்டை அப்படியே அடுத்த மேசைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அன்று பகல் அவர் என்ன சாப்பிட்டாரோ, தெரியவில்லை.