நாங்களும் ஓம் எண்டு சொல்லுற வேலை

நோர்வேயின்ரை வெளிநாட்டுக் கொள்கையை என்ரை மகள்தான் எழுதிறவ எண்டு அம்மா ஒஸ்லோவிலை ஸ்டோவ்னர் சென்டர் கடையிலை மீன் வாங்க நிக்கிற சனத்துக்கெல்லாம் சொல்லி வைச்சிருக்கிறா. அப்பிடிப் புளுகாதேங்கோ அம்மா, வெக்கமாக் கிடக்கு எண்டு எத்தினை தரம் சொல்லிப் பாத்திட்டன். கேட்டால்தானே! "எழுதாமல் பின்னை என்னத்துக்கு உனக்குக் கதவு வைச்ச தனி அறை?" எண்டு என்னையே திருப்பிக் கேப்பா. அந்த அறைக்குள்ளை பழைய போட்டோக்கொப்பி மெசினும் குந்தியிருக்கு எண்டதை அவ கணக்கிலை எடுக்கிறேல்லை.

உண்மையிலை வெளிநாட்டமைச்சிலை என்ரை வேலை ஓம் சொல்லுறது. பகிடிக்குச் சொல்லேல்லை. எங்கடை அயலிலை இருக்கிற நாடுகள் கனக்கச் சேந்து ஒரு ஒன்றியம் வைச்சிருக்கினம். உலகத்திலை எங்கையாவது ஒரு அநியாயம் நடந்தால் அவை கூடியிருந்து கதைச்சு, எல்லாருக்கும் பொதுவாய் ஒரு அறிக்கை விடுவினம். நோர்வே அந்த ஒன்றியத்திலை இல்லை. சேரமாட்டம் எண்டு சனம் வாக்குப் போட்டுச் சொல்லிப்போட்டுது. ஆனால் தனிய நிக்கவும் பயம். அதாலை அவை எழுதி முடிச்ச பிறகு அறிக்கை எங்களுக்கு வரும். "நோர்வேயும் இதோடை நிக்குது" எண்டு குறிச்ச நேரத்துக்குள்ளை நாங்கள் பதில் அனுப்பவேணும். அனுப்பினால் அடியிலை, எங்களைப்போல வெளியிலை நிக்கிற வேறை சில நாடுகளோடை சேத்து எங்கடை பேரையும் போடுவினம். ஒரு கொமாவைக்கூட அசைக்க ஏலாது. கலியாணவீட்டிலை என்ன கறி வைக்கிறது எண்டு ஒருத்தரும் கேக்காத, ஆனால் கடைசிப் பந்தியிலை இருந்து சாப்பிட்டிட்டு "நல்லாயிருக்கு" எண்டு சொல்லியே ஆகவேண்டிய தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி. இந்தக் கண்டறியாத ஓமுக்குத்தான் நான் பல்கலைக்கழகத்திலை சர்வதேச அரசியல் படிச்சனான்.

இந்த வேலையிலை சொல்லுகளுக்கும் ஒரு சாதிவரிசை இருக்கு. அடியிலை "கவனிக்கிறம்". அதுக்கு மேலை "கவலை". பிறகு "ஆழ்ந்த கவலை". "கண்டிக்கிறம்" எண்டது பெரியவீட்டு ஆள், லேசிலை படி இறங்கி வராது. ஒருக்கா ஒரு ஊரிலை குண்டு விழுந்து பிள்ளையள் செத்துப்போச்சுதுகள். "கவலை"க்கு முன்னாலை "ஆழ்ந்த" போடுறதோ விடுறதோ எண்டு அங்கை விடிய விடிய இழுபட்டினம். கடைசியிலை ஒரு மாதிரி "ஆழ்ந்த" வந்திட்டுது. என்ரை தலைவி நொர்வேஜியப் பெண், நல்ல மனுசி, மத்தியானத்திலை பழுப்புச் சீஸ் வைச்ச பாண்துண்டைக் கடதாசியிலை சுத்திக் கொண்டந்து சாப்பிடுற ஆள். "இது பெரிய முன்னேற்றம்" எண்டு அவவுக்கு ஒரே சந்தோசம். எனக்கு எரிச்சல் பத்திக்கொண்டு வந்திது. ஆருக்கு முன்னேற்றம், செத்த பிள்ளைக்கோ? ஆனாலும் நான் ஓம் எண்டுதான் அனுப்பினனான். அதுக்குத்தானே சம்பளம்.

பிறகு ஒரு ஈஸ்டருக்குக் கிட்ட இலங்கையைப்பற்றி ஒரு அறிக்கைக்கு அவை ஆயத்தம் பண்ணினம். ஒன்றியம் கூடுற நகரத்திலை எங்களுக்கு ஒரு ஆள் இருக்கிறார். கூட்ட அறைக்குள்ளை அவர் போகேலாது. வெளியிலை விறாந்தையிலை கோப்பியும் கையுமாய் நிண்டு, வாற போற ஆக்களின்ரை முகத்தைப் பாத்து உள்ளை என்ன நடக்குது எண்டு எங்களுக்கு எழுதுவார். அவர்தான் முதல் வரைவை எடுத்து அனுப்பினவர். அதிலை ஒரு வசனம் இருந்தது. போர் முடிஞ்ச நேரம் குடும்பங்களே கூட்டிக்கொண்டுபோய் இராணுவத்திட்டைக் கையளிச்ச ஆக்களுக்கு என்ன நடந்தது எண்டதை அரசாங்கம் அந்தக் குடும்பங்களுக்குச் சொல்லவேணும் எண்டு.

அந்த வசனத்தைத் திரும்பவும் முதலிலையிருந்து வாசிச்சன். என்ரை மாமா, அம்மாவின்ரை ஒரே தம்பி, அப்பிடிக் கையளிக்கப்பட்ட ஆள். விசாரிச்சுப்போட்டு விட்டிடுவம் எண்டு சொன்னதை நம்பி மாமிதான் கூட்டிக்கொண்டுபோய் விட்டவ. அவர் பஸ்ஸிலை ஏறினதைத் தன்ரை கண்ணாலை கண்டவ. அதுக்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. அம்மா நட்டஈடு கேக்கேல்லை, ஆரையும் தூக்கிலை போடச் சொல்லவும் இல்லை. நாங்கள் குடுத்தனாங்கள், அவங்கள் வாங்கினவங்கள் எண்டதை இந்த உலகத்திலை ஆராவது பெரிய ஆக்கள் எழுத்திலை சொல்லவேணும். அவ கேக்கிறது அவ்வளவுதான்.

அறிக்கை வரப்போகுது எண்டு தமிழ் வானொலியிலை கேட்டு அம்மாவுக்கு அதுக்கிடையிலை தெரிஞ்சிட்டுது. ரொம்மனிலை அவவின்ரை வீட்டுக்குப் போன உடனை, "அதிலை தம்பியவையைப்பற்றி இருக்கோ?" எண்டு கேட்டா.

"சொல்லக்கூடாது அம்மா. என்ரை வேலை போயிடும்."

என்ரை முகத்தை ஒருக்கா வடிவாய்ப் பாத்தா. "சரி சரி, சொல்லாதை" எண்டிட்டு, அண்டைக்கு முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு சமைச்சா. அவ பாடி நான் கேட்டுக் கன வருசம்.

நோர்வேயிலை ஒரு சட்டம் இருக்கு. சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட அலுவலிலை அதிகாரி கை வைக்கக்கூடாது. அப்பிடி ஒரு சம்பந்தம் இருக்கிற ஆளை "இன்ஹபில்" எண்டு சொல்லுவினம், விலகி நிக்கவேணும். அடுத்தநாள் நானாய்ப் போய்த் தலைவியிட்டைச் சொன்னன், அந்த வசனத்துக்குள்ளை என்ரை மாமா இருக்கிறார் எண்டு. மனுசி பாணைக் கீழை வைச்சிட்டா. "ஐயோ, எனக்குக் கவலையாய் இருக்கு" எண்டா. ஆழ்ந்தது எண்டு சொல்லேல்லை. கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, "அப்ப நீ இன்ஹபில். இதுக்கு நான்தான் ஓம் சொல்லவேணும். ஆனால் பின்னணிக் குறிப்பை நீயே எழுது, உன்னைவிட அந்த விசயம் தெரிஞ்ச ஆள் இஞ்சை இல்லை" எண்டா. எப்பிடி இருக்கு நியாயம்! இருந்து எழுதினன். சொந்த மாமாவை "குறித்த நபர்கள்" எண்டு எழுதினன்.

பிறகு விறாந்தையிலை நிண்டவர் ஒவ்வொரு நாளும் எழுதத் தொடங்கினார். ஆர் என்ன சொன்னது எண்டு நாட்டின்ரை பேர் சொல்லமாட்டார், அது மரியாதையில்லையாம். ஒரு நாட்டுக்கு அங்கை கப்பல் விக்கிற அலுவல் இருக்காம். இன்னொரு நாடு அங்கையிருந்து உடுப்பு எடுப்பிக்குதாம், இப்ப நேரம் சரியில்லையாம். வேறையொரு நாடு, இண்டைக்கு அவையைக் கேட்டால் நாளைக்குத் தங்கடை பழைய கதையையும் கேப்பினம் எண்டு பயந்திதாம். எல்லாத்திலையும் திறமான ஆட்சேபம் ஒண்டு வந்திது. "கையளிச்ச" எண்டு எழுதினால் வாங்கினது ஆர் எண்ட கேள்வி வருமாம், அதாலை அந்தச் சொல்லைத் தவிர்க்கிறது நல்லதாம். அட பாவியளே! அந்தக் கேள்வி வரவேணும் எண்டுதானே எழுதினது.

ஈஸ்டர் லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒஸ்லோவிலை கந்தோரெல்லாம் வெறிச்சுப்போச்சு. ஈஸ்டர் எண்டால் நொர்வேஜியன்கள் மலையிலை இருக்கிற தங்கடை மரவீட்டுக்கு ஓடிவிடுவினம், யுத்தம் வந்தாலும் பனிச்சறுக்கு முடியத்தான் திரும்பி வருவினம். தலைவியும் போயிட்டா. கந்தோரிலை நானும் போட்டோக்கொப்பி மெசினும்தான். அப்பதான் முடிஞ்ச அறிக்கை வந்திது. வசனத்தைத் தேடினன். இல்லை. அது இருந்த இடத்திலை, "காணாமற்போனோர் தொடர்பில் எடுக்கப்பட்டுவரும் முயற்சிகளை வரவேற்கிறோம்" எண்டு கிடந்தது. வரவேற்கினமாம்! ஆரத்தி ஒண்டுதான் குறை.

ரெலிபோன் அடிச்சுது. தலைவி. பின்னாலை காத்து இரையிது.

"அறிக்கையைப் பாத்தனான்" எண்டா. "இஞ்சை நெட் சரியில்லை. நீயே பதிலை அனுப்பிவிடு."

"நான் இன்ஹபில் எண்டு நீதானே சொன்னனீ?"

"ஓம். ஆனால் உன்ரை மாமாவின்ரை விசயம் இப்ப அதிலை இல்லைத்தானே. ஆனபடியால் உனக்கு இனித் தடையில்லை." ஒரு நல்ல சேதி சொல்லுற குரலிலைதான் சொன்னா. அந்த மனுசிக்கு ஒரு துளி வஞ்சகமும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கேலாமல் போச்சு.

"நான் அனுப்பமாட்டன்" எண்டன். "வசனத்திலை இல்லாட்டிலும் நான் அவரின்ரை மருமகள்தான்."

தலைவி, நொர்வேஜியன்கள் செய்யிற மாதிரி மூச்சை உள்ளுக்கை இழுத்துக்கொண்டு ஒரு "யா", அதுதான் அவையின்ரை ஓம், சொல்லிப்போட்டு வைச்சிட்டா. குறிச்ச நேரத்துக்குக் கொஞ்சம் முன்னம், சறுக்குப்பலகையோடை மேட்டிலை ஏறி நெட் பிடிச்சு, தானே அனுப்பிவிட்டா. அறிக்கையின்ரை அடியிலை நோர்வேயின்ரை பேர் வடிவாய் வந்திது. நான் மாட்டன் எண்டதாலை நட்பு நாடுகளின்ரை ஒற்றுமைக்கு ஒரு கீறலும் விழேல்லை.

ரீ-பானெ எண்ட சுரங்க ரெயின் எடுத்து நேரை அம்மாவிட்டைப் போனன். அவ அறிக்கையை ரெலிபோனிலை திறந்து வைச்சுக்கொண்டு, கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, எனக்காகக் காத்துக்கொண்டிருந்தா. "எனக்கு இந்த இங்கிலிசு விளங்கேல்லை, நீ வாசி" எண்டா. முழுக்கத் தமிழிலை சொன்னன். முடிஞ்ச பிறகும் இன்னும் இருக்கும் எண்டமாதிரி என்ரை வாயைப் பாத்துக்கொண்டிருந்தா.

"இதிலை தம்பி எங்கை?"

அறிக்கை வெளியிலை வந்திட்டுது, இனி என்னத்தை ஒளிக்கிறது. "முதல் எழுதினதிலை இருந்தவர் அம்மா. பிறகு எடுத்துப்போட்டினம்."

"ஆர் எடுத்தது?"

"தெரியாது. அறைக்குள்ளை நடந்ததுக்கு ஒருத்தரின்ரை பேரும் போடமாட்டினம். எல்லாருமாச் சேந்து எடுத்த முடிவு எண்டுதான் சொல்லுவினம்."

"அப்ப ஒருத்தரும் எடுக்கேல்லை. ஆனால் ஆள் இல்லை."

"ஓம் அம்மா."

அம்மா கண்ணாடியைக் கழட்டி மேசையிலை வைச்சா. "உன்ரை மாமி ஆமிக் காம்ப் காம்பாய்ப் போய்க் கேக்கேக்கையும் இதைத்தானடி சொன்னவங்கள்" எண்டா.