மெற்றில்டா அக்காவின் சிரிப்பு லீவு எடுத்த நாள்

மெற்றில்டா அக்கா போய்விட்டார். நேற்று மத்தியானம், பேசாலையில் நாங்கள் கூலிக்கு மீன் வெட்டிக் காயப்போடும் கருவாட்டு வாடியில், மீன் புரட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே விழுந்தார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூட உயிர் இருக்கவில்லை...

காலையிலிருந்து ஃபேஸ்புக்கைத் திறக்க முடியவில்லை. எல்லோரும் அவருடைய ஒரே படத்தைப் போட்டு "எப்போதும் சிரித்த முகம்", "கஷ்டத்திலும் சந்தோசமாக வாழ்ந்தவர்" என்று எழுதுகிறீர்கள். வாசிக்க வாசிக்கப் பத்திக்கொண்டு வருகிறது.

அதிலும் எங்கள் முதலாளியின் போஸ்ட்... அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள்.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று யாருக்காவது தெரியுமா? அவருடைய மனுசன் அந்தோனி அண்ணை, கடலில் சங்கு குளிக்கப் போய் இடுப்புக்குக் கீழே விளங்காமல் கட்டிலில் கிடக்கிறார். வெளியுலகம் என்று அவருக்கு இருந்தது அக்கா வேலை முடிந்து கொண்டுபோகும் கதை மட்டும்தான்.

அதனால் மீன் வெட்டும்போதே அக்கா கதை தேடிக்கொண்டிருப்பார். யார் வழுக்கி விழுந்தது, எந்தக் காகம் யாருடைய பாண் துண்டைத் தூக்கிக்கொண்டு போனது...

பின்னேரமாகியும் ஒன்றும் அகப்படாவிட்டால் உப்புக் கையோடு எங்களிடம் வருவார். "எடியே, இண்டைக்கு மனுசனுக்குக் கொண்டுபோக ஒண்டும் கிடைக்கேல்லையடி. ஆராவது ஒரு விசர் வேலை பாருங்கோவன்."

பார்ப்போம். ஒருநாள் நான் முதலாளியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவரைப் போலவே வயிற்றைத் தள்ளி நடந்து காட்டினேன். முதலாளி எனக்குப் பின்னால் வந்து நின்றதை அக்கா கண்டும் சொல்லவில்லை. கள்ளி.

அந்தச் சிரிப்பை முதலாளி என்ன செய்தார் தெரியுமா? வாடியில் ஒரு துண்டு நிழல் கிடையாது. வெயிலில் நிற்க முடியவில்லை, மேலே ஏதாவது கட்டித் தாருங்கோ என்று நாங்கள் கேட்கும்போதெல்லாம் அக்காவைத்தான் கைகாட்டுவார். "அங்க பாருங்கோ மெற்றில்டாவை. சிரிச்சுக்கொண்டு செய்யிறா. உங்களுக்கு மட்டுந்தான் வெயில் சுடுதோ?"

ஒருநாள் இது அக்காவின் காதில் விழுந்தது.

மறுநாள் கோயில் பெருநாளுக்குக் கட்டுகிற சீலையைக் கட்டிக்கொண்டு வந்தார். நேரே கந்தோர் அறைக்குள் போனார். முதலாளியின் ஃபானுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, உம்மென்று இருந்தார்.

"என்ன மெற்றில்டா, சுகமில்லையோ?"

"நான் நல்ல சுகம். என்ர சிரிப்புத்தான் இண்டைக்கு லீவு. நிழல் வந்தாத்தான் அது வருமாம்."

நாங்களும் கத்தியை வைத்துவிட்டு வாசலில் இருந்துவிட்டோம். வெட்டாத மீனில் ஈ மொய்க்கத் தொடங்கியது. பின்னேரத்துக்கு முன்னால் ஒரு நீலத் தார்ப்பாய்ப் படங்கு வந்து தலைக்கு மேலே ஏறியது. அன்றைக்கு அண்ணைக்குக் கொண்டுபோக அக்காவிடம் தாராளமாகக் கதை இருந்தது.

அந்தப் படங்கு போன கச்சான் காற்றில் கிழிந்து பறந்தது. "நாளைக்குப் பாப்பம்" என்றார் முதலாளி. எத்தனை "நாளைக்கு"! நேற்று அக்கா விழுந்தது வெறும் வெயிலில். இதை எந்தப் போஸ்டிலும் காணவில்லை.

இன்று எங்கள் ஊர் தோட்டவெளியிலிருந்து முதல் பஸ்ஸில் செத்தவீட்டுக்குப் போனேன். முற்றம் முழுக்கப் பந்தல். இரும்புக் குழாய் நட்டு, புத்தம் புதிய படங்கு கட்டி... முதலாளி தன் செலவில் வாங்கி அனுப்பியதாம். அந்த நிழலில் அக்கா பெட்டிக்குள் கிடக்கிறார். முதலாளி வருகிற ஆட்களிடம் "நல்ல சந்தோசமான மனுசி" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறார்.

அந்தோனி அண்ணையைக் கட்டிலோடு முற்றத்துக்குத் தூக்கி வந்திருந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "பிள்ளை, நேற்று எனக்கு அவள் என்ன கதை வச்சிருந்தவள்?"

நேற்று நாங்கள் ஒருவரும் ஒரு விசர் வேலையும் பார்க்கவில்லை.

நாளைக்கு அடக்கம் முடிந்ததும் வாடிப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அந்தப் பந்தலைக் கழற்றப் போகிறோம். தலையில் தூக்கிக்கொண்டுபோய் வாடியில் கட்டப் போகிறோம். முதலாளி, இதை வாசிச்சால் வாசியுங்கோ. வழியில நிக்காதையுங்கோ.

அக்கா... நாளைக்குப் பின்னேரம் அண்ணையிட்ட இந்தக் கதையை நான் கொண்டுபோறன். நீங்கள் போயிட்டு வாங்கோ.