துணிப் பை அஞ்சு நாள் தாங்கும்

என் ஓர்ப்படி சிதம்பரத்தில் இருக்கிறாள். கொழுந்தனாரின் மனைவி, என்னைவிட ஆறு வயது சின்னவள். அவள் மொட்டை மாடியில் காய்த்த கத்தரிக்காயைப் பார்த்து நான் வயிறெரிந்திருக்கிறேன். இதை மென்று முழுங்கிச் சொல்ல எனக்குத் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் மாடித் தோட்டம் போட்ட முதல் ஆள் நான். கடலூரில் எங்கள் மாடியில் பச்சை பிளாஸ்டிக் பைகளில் நான்கு வருடமாகக் கத்தரி, மிளகாய், கொத்தவரை என்று வைத்துக்கொண்டிருந்தேன். தென்னை நார்க் கழிவு எவ்வளவு, வேப்பம் புண்ணாக்கு எவ்வளவு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அவள் என்னடாவென்றால், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கறுப்புத் துணிப் பைகளை வாங்கி வைத்துவிட்டாள். கம்பளி போலத் தடித்த துணி, தூக்கிவைக்க இரண்டு பக்கமும் காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனோம். இட்லிக்கு அவள் மாடிக் கத்தரிக்காயில் கொத்சு வைத்திருந்தாள். என் வீட்டுக்காரர் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "கத்திரிக்கா வெண்ணெயா இருக்கும்மா" என்றார். நான்கு வருடமாக என் கத்தரிக்காயைத் தின்கிற மனிதர். ஒரு நாளாவது வெண்ணெய் என்று சொன்னதில்லை, விளக்கெண்ணெய் என்றுகூடச் சொன்னதில்லை.

சாப்பிட்டதும் அவள் என்னை மாடிக்கு அழைத்துப்போய், காய்த்து ஓய்ந்த ஒரு செடியைப் பையிலிருந்து பிடுங்கிக் காட்டினாள்.

"பாருங்கக்கா, துணியில காத்து போவுதா, வேரு சுத்திக்கவே இல்ல. உங்க பிளாஸ்டிக் பையில சும்மாடு மாதிரி சுருண்டுக்கினு இருக்கும்."

உண்மைதான். என் பையைக் கவிழ்த்தால் சும்மாடுதான் விழும். பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

திரும்பும்போது பஸ்ஸிலேயே போனில் ஐந்து துணிப் பைகளுக்கு ஆர்டர் போட்டேன். "உன் பைதான் நல்லாருக்குன்னு சொல்லுவியே?" என்றார் வீட்டுக்காரர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரே தட்டில் முளைத்த பத்து நாற்றுகள், ஒரே மண் கலவை, ஒரே வெயில். ஐந்தைத் துணிப் பையிலும் ஐந்தை பிளாஸ்டிக் பையிலும் நட்டேன். சாயங்காலம் தோறும் ஒரு நோட்டில் குறித்தேன். பிளாஸ்டிக்தான் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இரண்டு தடவை அந்தப் பக்கம் மட்டும் சாணிக் கரைசல் கூடுதலாக ஊற்றினேன், நோட்டில் எழுதவில்லை. அப்படியும் துணிப் பைச் செடிதான் முந்திப் பூத்தது. இலையும் அதில்தான் அகலம்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் அந்தப் பை மாட்டிக்கொண்டது. ஊற்றினால் பக்கமெல்லாம் கசிகிறது, கடல் காற்றில் சீக்கிரம் காய்கிறது. எங்கள் போர் தண்ணீர் உப்பு வேறு, துணி மேல் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளையாகப் பூத்துவிடும். காலையும் மாலையும் ஊற்றியாக வேண்டும். சித்திரையில் திட்டக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய் மறுநாள் சாயங்காலம் திரும்பினோம். துணிப் பைச் செடிகள் ஐந்தும் தொங்கிக் கிடந்தன. எவ்வளவு ஊற்றியும் மூன்று எழவே இல்லை. பிளாஸ்டிக் பைச் செடிகள் லேசாக வாடியதோடு சரி. நான் மாடியில் நின்று சிரித்தேன். செத்தது என் செடி என்பதுகூட உறைக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை, முக்கியமாக அவளிடம்.

மறு மாதமே எனக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று ஆனது. அவள் போன் செய்தாள்.

"நான் வரேங்க்கா. அஞ்சு நாள் கூட இருந்து பாத்துக்கறேன்."

கொழுந்தனாருக்கு ஓசூரில் வேலை. அவள் கீழ் வீட்டு அம்மாவால் படி ஏற முடியாது. அவள் மாடிக்கு ஆள் கிடையாது. "உன் செடிங்க?" என்று கேட்டேன்.

"அதாங்க்கா..." என்று இழுத்தாள்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "என் துணிப் பை அஞ்சு நாள் தாங்குச்சி. நல்லா ஒரு வாட்டி ஊத்திட்டு வா" என்றேன்.

"சரிக்கா" என்றாள்.

வந்தாள். கஞ்சி வைத்தாள், என் துணி துவைத்தாள், என்னைக் கைத்தாங்கலாக நடத்தினாள். காலையும் மாலையும் அவள் வாளியோடு எங்கள் மாடிப்படி ஏறும் சத்தம் படுக்கையில் எனக்குக் கேட்கும். என் செடிகளுக்குத்தான் ஊற்றப் போகிறாள். வெளியே அக்கினி வெயில். மூன்றாம் நாள், "நீ ஊருக்குப் போயிட்டு வாயேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ரசம் சாதத்தோடு வந்து உட்கார்ந்தாள். வாயைச் சாப்பிடுவதற்குத் திறந்தேன்.

ஊருக்குப் போனவள் கூப்பிடவில்லை. மறுநாள் நானே கூப்பிட்டேன்.

"எல்லாம் போயிடுச்சிக்கா. பதினாறு கத்திரியும் போச்சி. மிளகா ரெண்டு தப்பிச்சிது."

"என்னுது தாங்குச்சேம்மா" என்றேன், மறுபடியும்.

"தாங்காதுன்னு எனக்குத் தெரியும்க்கா. போன வருஷமே ஒரு நாள் ஊத்தாம வுட்டு பட்டிருக்கேன். சொன்னா, செடி பாவம், நீ வராதன்னுடுவீங்க. அதான் சரின்னுட்டேன். உங்களுக்கும் யாரு இருக்காங்க?"

செடிக்காக "வராதே" என்று சொல்லியிருக்கக்கூடிய ஓர் அக்கா அவள் மனதில் இருக்கிறாள். அது நான் இல்லை. அந்த அக்காவைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

தையல் ஆறியதும் தட்டில் கத்தரி விதை போட்டேன். பதினாறு அவளுக்கு, மீதி எனக்கு. கொடுக்கும்போது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். நேற்று நாற்றுகளைப் பிரிக்கும்போது பார்த்தால், தண்டு தடித்ததாக இருந்த நாலைந்தைக் கை தன்னாலே என் பக்கம் ஒதுக்கியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அவள் பக்கம் வைத்தேன்.