தக்காளி இலையில் விழுந்த புள்ளி

என் எழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கோவிலூருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பின்னால் கிணறு, கிணற்றை ஒட்டி நாலு பாத்தி தக்காளி. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, கணவர் இறந்த பிறகு எங்களோடு இருந்தார். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். தக்காளியும் அவருடையது. பழுத்தால் கூடையில் எடுத்துக்கொண்டு செக்காலைக்குப் போய் விற்றுவிட்டு வருவார்.

அந்த வைகாசியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம். நெற்குப்பையிலிருந்து சித்தி வந்தார். அவர் வந்த பத்தாம் நாள் தக்காளி இலைகளில் கறுப்புப் புள்ளி விழுந்தது. முதலில் மிளகளவுதான் இருந்தது. பிறகு பெரிதாகி, சுற்றிலும் மஞ்சள் பூத்து, இலையே காய்ந்து தொங்கியது. காரணம் கண்டுபிடிக்க அத்தைக்கு வெகுநேரம் ஆகவில்லை.

"இத்தனை வருசமா இல்லாத புள்ளி இப்ப எங்குட்டிருந்து வந்துச்சு? எல்லாம் வந்த காலு," என்று கிணற்றடியில் நின்று, அடுப்படியில் இருந்த சித்தியின் காதில் விழும்படி சொன்னார்.

உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். பூசணிக்காய் உடைத்தார். புள்ளி அசையவில்லை. அடுத்து, மஞ்சள் கரைத்த தண்ணீரைத் தினமும் பொழுது சாயும் நேரத்தில் செடி முழுக்கத் தெளிக்கச் சொன்னார். அந்த வேலை எனக்கு. செடிக்குத் தண்ணீர் விடுவதும் ஏற்கெனவே என் வேலைதான். ஒவ்வொரு செடியாகக் குனிந்து தூரில் ஊற்ற எனக்குப் பொறுமை கிடையாது. வரப்பில் நின்றபடியே வாளித் தண்ணீரை விசிறி அடிப்பேன். இலைமேல் அது சடசடவென்று விழும் சத்தம் எனக்குப் பிடிக்கும். மஞ்சள் தண்ணீரும் சேர்ந்ததில் எனக்கு இரட்டைக் கொண்டாட்டம். புள்ளிக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஒரே வாரத்தில் நடுக்கிளை வரை ஏறிவிட்டது.

அத்தை சித்தப்பாவைக் கூப்பிட்டு முடிவாகச் சொல்லிவிட்டார்.

"ஆடிக்குப் பொண்ணை அழைச்சுக்கிட்டுப் போக வருவாகள்ல, போகட்டும். செடி பட்டுப்போச்சுன்னா திரும்பக் கூப்புடப் போகாதே. அங்குட்டே இருக்கட்டும்."

அக்காவை எதிர்த்துப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டு ஆண்களுக்கு இல்லை. சித்தி அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் சித்தி பாத்தியில் உட்கார்ந்து இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அப்பு, மொதல்ல அடியிலையிலதான புள்ளி வந்துச்சு?" என்றார். ஆமாம் என்றேன். ஒரு இலையைக் கிள்ளிக் காட்டினார். அறுத்த மரக்கட்டையில் தெரிவதுபோலப் புள்ளிக்குள் வளையம் வளையமாக இருந்தது.

"தண்ணி எப்புடி ஊத்துவே? காட்டு."

பெருமையோடு ஒரு வாளி விசிறினேன். மண் தெறித்து அடியிலைகளில் அப்பியது. சித்தியின் முகத்திலும் அப்பியது. அவர் முந்தானையால் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

பிறகு அத்தையிடம் போய், "மதினி, இது மண்ணுலருந்து வர்ற நோவு. அன்னைக்கு மழை பெஞ்சுச்சுல்ல, மண்ணு தெறிச்சு இலையில ஒட்டிக்கிருச்சு. எங்க தோட்டத்துலயும் வந்துச்சு. மருந்து இருக்கு," என்றார். என் வாளியைப் பற்றியோ மஞ்சள் தண்ணீரைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. சித்திக்கு அவ்வளவு விவரம் பத்தாது என்று நான் நிம்மதி அடைந்தேன்.

"நேத்து வந்தவ வைத்தியம் பாக்குறா. பாரு தாயி, பாரு. ஆடி வரைக்குந்தான்," என்றார் அத்தை.

புள்ளி விழுந்த இலைகளை எல்லாம் பறித்தோம். எருக்குழியில் கொட்டப் போன என்னைச் சித்தி தடுத்து, எருவோடு நோயும் திரும்பி வரும் என்று சொல்லி எரிக்க வைத்தார். தூரைச் சுற்றி வைக்கோல் பரப்பினார். சித்தப்பா, யாரும் சொல்லாமலே, செக்காலையிலிருந்து மயில்துத்தம் என்கிற நீல உப்பு வாங்கிவந்தார்; ஒரு கைத்தெளிப்பானும் இரவல் கிடைத்தது. மயில்துத்தத்தை ஒரு மண்பானையிலும் சுண்ணாம்பை இன்னொன்றிலும் கரைத்து, நீலத்தைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்கினார்கள். சித்தி அதில் அரிவாள் நுனியைச் சற்று நேரம் முக்கி எடுத்தார். நுனி செக்கச்செவேலென்று இருந்தது.

"ஆத்தாடி, அருவா ரத்தம் காட்டுதுடா!" என்று அத்தை அலறினார்.

சித்தி சிரித்துவிட்டார். எங்கள் வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "ரத்தமில்ல மதினி, அது துத்தத்துல உள்ள செம்பு. இன்னங் கொஞ்சம் சுண்ணாம்பு போடுங்கங்குது. இப்படியே அடிச்சா இலை கருகிப்போகும்."

இன்னும் சுண்ணாம்பு சேர்த்தார்கள். அரிவாள் வெள்ளையாக வந்தது. காலை வெயிலில் அடித்தார்கள். பத்து நாள் கழித்து மறுபடியும் அடித்தார்கள். நான் குனிந்து தூரில் மட்டும் தண்ணீர் விட்டேன்.

"புள்ளி அப்படியேதான இருக்கு சித்தி?"

"விழுந்த புள்ளி போகாது அப்பு. புது இலையப் பாரு."

கொழுந்துகள் பச்சையாக, மாசில்லாமல் இருந்தன. அத்தை யாரும் பார்க்காதபோது வந்து அவற்றைத் தடவிப் பார்ப்பதை நான் இரண்டு முறை கண்டேன்.

ஆடி பிறந்ததும் சித்தியை அழைத்துப் போய்விட்டார்கள். ஆடி முடிவதற்குள் தக்காளி பழுத்தது. அத்தை முதல் கூடையைச் செக்காலைக்குக் கொண்டுபோகவில்லை. ஆவணி முதல் நாள் கூடையை இடுப்பில் வைத்து, என்னையும் இழுத்துக்கொண்டு நெற்குப்பை பஸ் ஏறினார்.

"எதுக்கு அத்தை நாம போறோம்?"

"செடிக்குத் தண்ணி ஊத்த ஆளு வேணாமா?"

"நாந்தான் ஊத்துறேன்ல? தூர்லதான ஊத்துறேன்!"

"வாய மூடிக்கிட்டு வாடா."

கூடையை மடியில் வைத்து, ஒவ்வொரு பழமாக எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தார். செடி செழிப்பாக இருக்கிறது, தண்ணீர் விட நான் இருக்கிறேன். பிறகு எதற்கு அத்தை இவ்வளவு தூரம் தானே போக வேண்டும்? என் வேலையில் அவருக்கு நம்பிக்கை இல்லை என்று நினைத்து, நெற்குப்பை வரும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டே வந்தேன்.

எழுதியது: ஆவணி 4, புதன்கிழமை.