படித்துக் காட்டிய படிவம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது தெரிந்த யாரும் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலையை என்னிடம் கொடுத்திருக்க மாட்டார்கள். எண்பதுகளின் தொடக்கம். தில்லியில் ஒரு ஆராய்ச்சி நிலையம் ஏழைப் பெண்களின் நிலைமையை விசாரித்து அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுக்கும் வேலையை எடுத்திருந்தது. அவர்களுக்குத் தமிழ் தெரிந்த பெண் ஒருத்தி தேவைப்பட்டாள். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் பி.ஏ. முடித்துவிட்டு, வருகிற மாப்பிள்ளைகளை எல்லாம் முறைத்து அனுப்பிக்கொண்டிருந்த நான் போய்ச் சேர்ந்தேன்.

"சவத்து வேலை. ஊரான் வீட்டுச் சண்டை உனக்கு எதுக்குட்டி?" என்றாள் அம்மா. தில்லிக்கு வந்து இருபது வருஷமாகியும் அவளுடைய திருநெல்வேலித் தமிழ் அப்படியே இருந்தது.

எனக்குக் கொடுத்த இடம் ரயில் பாதையை ஒட்டிய குடிசைகள். தில்லியில் ஜுக்கி என்பார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் அங்கே நிறைய இருந்தார்கள். ஆண்கள் கட்டட வேலைக்குப் போனார்கள். பெண்கள் பங்களாக்களில் பாத்திரம் தேய்த்தார்கள்.

படிவத்தின் முதல் வரியே 'குடும்பத் தலைவர்' என்றுதான் தொடங்கும். அவரைத்தான் கேட்க வேண்டும். "உங்க சம்சாரம் என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்பேன். "அவ சும்மாதான் இருக்கா" என்பார். அந்த 'சும்மா' நான்கு பங்களாக்களில் பாத்திரம் தேய்த்துவிட்டு, கை வெளுத்துப் போய், அப்போதுதான் தலையில் விறகோடு உள்ளே வருவாள். அவள் முன்னாலேயே நான் 'வேலை இல்லை' என்ற கட்டத்தில் டிக் போடுவேன்.

எங்கள் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த பேராசிரியை ஒரு வங்காளப் பெண்மணி. என் புலம்பலைக் கேட்டுவிட்டு, பெண்களைத் தனியாகக் கேட்பதற்கென்றே இரண்டு பக்கங்களைப் புதிதாகச் சேர்த்தார். என்ன வேலை செய்கிறாய், அடி உண்டா, எத்தனை முறை கர்ப்பம், ஒவ்வொன்றும் என்ன ஆயிற்று. எல்லாம் நல்ல கேள்விகள். ஆனால் கடைசிப் பக்கம் பழையபடியே இருந்தது. பதில்களைக் குடும்பத் தலைவருக்குப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்க வேண்டும் என்று அதில் இருந்தது. காலங்காலமாக எல்லாப் படிவத்திலும் இருந்த வரி அது. பேராசிரியை கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை.

புதுப் பக்கங்களோடு நான் முதலில் உட்கார்ந்தது என் வயதுப் பெண் ஒருத்தியோடு. இரண்டு பிள்ளைகள். குழாயடியிலிருந்து அவளை ஜுக்கிக்குப் பின்னால் கூட்டிப் போனேன். முதலில் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறகு மடை திறந்ததுபோல் வந்தது. இடுப்பில் இருந்த தழும்பைக் காட்டினாள். கரண்டியைக் காய்ச்சி வைத்தானாம். மூன்றாவது கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. எப்படி என்று கேட்டேன்.

"ஒதச்சான். கொழம்புல உப்பு தூக்கலா போச்சின்னு."

"வெளியில யாருக்காவது தெரியுமா?"

"வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லிக்கினேன். நீ மெதுவா பேசு."

நான் தலையாட்டினேன்.

சாயங்காலம் அவள் புருஷன் வேலை முடிந்து வந்தான். கொத்தனார். மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னான். அவனிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்தேன். கடைசிப் பக்கம் வந்தது. படித்துக் காட்ட வேண்டும்.

அவன் சொன்ன பதில்களை மட்டும் படித்துவிட்டு மூடியிருக்கலாம். அவனுக்கு எழுத்து வாசனை கிடையாது. எத்தனை பக்கம் என்று அவனுக்கு என்ன தெரியும்? நான் அவளுடைய பக்கங்களையும் படித்தேன். ரூல் அப்படி என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன். பொய். அவன் முகம் செத்துப் போவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவ்வளவுதான்.

"மூன்றாவது கர்ப்பம் கலைந்தது. காரணம், கணவர் வயிற்றில் உதைத்தார்" என்று நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

அடுப்படியில் இருந்தவள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். அவன் குனிந்த தலை நிமிராமல் கேட்டான்.

"அச்சா. அப்டியா சொன்னா?"

"ஆமா."

கட்டை விரலை நீட்டினான். மையில் அழுத்தி ஒற்றி எடுத்தேன். "வரேம்மா" என்று அவளைப் பார்த்துச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் என்னவோ பெரிய நியாயம் செய்துவிட்டவள்போல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன்.

மூன்று ஜுக்கி தாண்டுவதற்குள் சத்தம் கேட்டது. அலறல் ஒன்றுதான். அதற்குப் பிறகு அலறல் இல்லை, அடி விழும் சத்தம் மட்டும். ஓடினேன். அவளைக் கீழே போட்டு நெஞ்சின் மேல் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் கலவை பூசும் கரண்டி. அதன் மரப் பிடியால் அவள் வாயில் குத்திக்கொண்டிருந்தான். "இந்த வாயிதான? இந்த வாயிதான சொல்லுச்சி?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குத்து. மூத்த குழந்தை சுவரோடு ஒட்டிக்கொண்டு மூத்திரம் போய்விட்டது.

படிவங்களைச் செருகி வைத்து எழுதும் அட்டையால் அவன் பிடரியில் ஓங்கி அடித்தேன். மறுபடியும் அடித்தேன். அவன் திரும்பி என் சடையைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி கிழிந்தது. அப்போதும் அவனைக் கொன்றுவிட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. அம்மிக் குழவிகூடக் கண்ணில் பட்டது. அதற்குள் பக்கத்து ஜுக்கிப் பெண்கள் குடமும் விறகுமாக நுழைந்து அவனைச் சாத்து சாத்தென்று சாத்தி வெளியே இழுத்துப் போட்டார்கள். அவர்களுக்கு இது பழக்கம்.

அவளை ஸ்கூட்டரில் போட்டுக்கொண்டு போனேன். அப்போதெல்லாம் தில்லியில் ஆட்டோவுக்கு அதுதான் பெயர். என் மடியில் படுத்திருந்தாள். ஒரு பல் என் புடவை மடிப்பில் கிடந்தது. தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டினார்கள். போலீஸ் சௌக்கியில் "மியா பீவி தகராறு", புருஷன் பெண்டாட்டி சண்டை என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார்கள்.

நான்காம் நாள் அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். குளித்து, சுத்தமான சட்டை போட்டு, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். அவளிடம் ஒன்றும் பேசவில்லை. என்னிடம்தான் பேசினான்.

"அந்தத் தாளு சர்க்கார் கிட்ட போவக் கூடாது. திருப்பி எழுது. இல்லன்னா புள்ளைங்கள ஊருக்கு இட்டுக்கினு பூடுவேன். இவ இங்கியே கெடக்கட்டும்."

வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டினேன். நர்ஸ் வந்து என்னை அதட்டினாள். அப்போது கட்டிலிலிருந்து ஒரு கை என் முந்தானையை இழுத்தது. அவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எழுது என்று கையால் காட்டினாள்.

அந்தப் படிவம் இன்னும் என் பையில்தான் இருந்தது. அவன் கண் முன்னால் அதைக் கிழித்தேன். புதுசு எடுத்தேன். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளைக் கேட்டேன்.

"உன் வீட்டுக்காரர் உன்னை அடிப்பாரா?"

கம்பி போட்ட வாயோடு இல்லை என்று தலையாட்டினாள். 'இல்லை' என்று எழுதினேன். மூன்றாவது கர்ப்பம் எப்படிக் கலைந்தது என்று கேட்டேன். 'வழுக்கி விழுந்தது' என்று நானே எழுதிக்கொண்டேன். அவன் விரலை நீட்டினான்.

அவன் பிள்ளைகளோடு வராந்தாவுக்குப் போனதும், அசையாத பல்லுக்கு நடுவிலிருந்து எச்சிலோடு அவள் பேசினாள். குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"அடுத்த வூட்ல தனியா கேளு. யாருக்கும் படிச்சிக் காட்டாத. போ."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அது எனக்கு வேண்டியதுதான்.

பேராசிரியையிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், படித்துக் காட்டியது ஏன் என்பதையும் சேர்த்து. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிள்ளைகளுக்காக அவள் எழுதச் சொன்ன அந்த 'இல்லை'யை மட்டும் அப்படியே கணக்கில் விட்டோம். அன்றே எல்லாப் படிவத்திலிருந்தும் கடைசிப் பக்கத்தைக் கிழித்து எடுத்தோம். அதற்குப் பிறகு இரண்டு இரண்டு பேராகப் போனோம். ஒருத்தி ஆண்களை உட்கார வைத்து ரேஷன் அரிசி, மண்ணெண்ணெய் என்று வளர்த்துக்கொண்டே போவாள். இன்னொருத்தி குழாயடியில் பெண்ணோடு இருப்பாள். யாராவது கிட்டத்தில் வந்தால் அவளும் அரிசிக்குத் தாவிவிடுவாள். பெண்ணின் பக்கங்களில் பெயரோ கைநாட்டோ கிடையாது. அப்படிக் கேட்டபோது எத்தனையோ பேர் பேசினார்கள். அவள் மட்டும் மறுபடி என்னோடு பேசவில்லை. குழாயடியில் என்னைக் கண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

அறிக்கையை அமைச்சகத்தில் வாசித்தபோது நான் பின் வரிசையில் இருந்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெரிய அதிகாரி அட்டவணையைப் புரட்டிவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார். "அடி இல்லை என்று சொன்ன பெண்களும் இருக்கிறார்களே. நிலைமை அவ்வளவு மோசமில்லை."

நான் எழுந்துவிட்டேன். "அதில் ஒரு 'இல்லை' என் கையால் எழுதியது. அதைச் சொன்னவளுடைய தாடை கம்பியால் கட்டியிருந்தது. அடித்தவன் பக்கத்தில் நின்றான்."

அதிகாரி கோபப்படவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவராக, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பெண் முதலில் சொன்ன பதில் உங்களிடம் இருக்கிறதா?"

"இல்லை" என்றேன். "கிழித்துவிட்டேன்."