கோபுரத்தை மறைத்த சோலார்

சோலார் மின்சாரத்துக்குப் புதுச் சட்டம் வருகிறது என்று பேப்பரில் படித்தேன். அமலாகும் நாளுக்கு முன் பேனல் மாட்டியவர்களுக்கு, நாம் கொடுக்கும் கரண்டை பில்லில் யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் பழைய முறையே நீடிக்குமாம். பிறகு மாட்டினால் புது முறை, லாபம் குறையுமாம். இந்த ‘மாம்’களை நான் நம்புவதில்லை. ஆனாலும் முந்திக்கொண்டேன். புத்தூரிலிருந்து ஒரு காண்டிராக்டர் வந்து, சட்டம் அமலாவதற்கு முந்தின நாள் அவசர அவசரமாக மாட்டிவிட்டுப் போனார்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு கோயிலுக்கு வடக்கே. என் மனைவி குளித்ததும் மாடியில் நின்று தெற்கே ராஜகோபுரத்தைச் சேவித்துவிட்டுத்தான் காபியே குடிப்பாள். மறுநாள் அவள் போய்ப் பார்த்தால், தெற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்குப் பேனல்.

“கோபுரத்தையே மறைச்சுட்டேளே!” என்றாள். கண் கலங்கியிருந்தது.

காண்டிராக்டரைக் கூப்பிட்டேன். “பின்னால தள்ளி வெச்சுட்டா, முன்னாடி நின்னு பாக்கலாம் சார்” என்றார். இத்தனை சுலபமாகச் சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை. சட்டம் அமலாகிவிட்டது, இப்போது நகர்த்தினால் புதிதாக மாட்டியதாக ஆகிவிட்டால்?

கரண்ட் ஆபீசுக்குப் போனேன்.

“அதே மாடிதானே, ஒண்ணும் ஆகாதுங்க” என்றார் அங்கிருந்தவர்.

எழுதித் தரச் சொன்னேன். சிரித்தார். சிரிக்கிறவரை எப்படி நம்புவது? இவருக்கு மாற்றல் வந்தால், அடுத்தவர் “யாருங்க சொன்னது?” என்று கேட்பார். பேனலைத் தொடவே விடவில்லை நான்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் மாடிக்குப் போனேன். பேனலின் முதுகைப் பார்த்து அவள் கைகூப்பி நின்றிருந்தாள். என்னைக் குத்திக்காட்டத்தான் என்று எனக்குச் சந்தேகம்.

“யார் பாக்கணும்னு இந்த வேஷம்?” என்றேன்.

அவள் திரும்பவில்லை. “இதுக்குப் பின்னாடி கோபுரம் இருக்குன்னு எனக்குத் தெரியும். அதை யாரும் எழுதித் தர வேண்டாம்.”

சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது. அன்றே காண்டிராக்டரை வரவழைத்து, நகர்த்தச் சொன்னேன். அவர் ஸ்பானரை எடுக்காமல் என்னையே பார்த்தார்.

“ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டாங்களா சார்?”

“இல்லை.”

“அப்ப, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் தலைல கட்ட மாட்டேன்னு நீங்க எழுதிக் குடுத்துடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து மட்டும் போதாதென்று, சாட்சிக்கு என் மனைவியிடமும் ஒன்று வாங்கிக்கொண்ட பிறகுதான் அவர் முதல் போல்ட்டைக் கழற்றினார்.